மானுக்காக அடக்கிய சத்தம்

இங்கிலாந்தின் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக்கு மேலே இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்கும். பிற்பகல் மூன்று மணிக்கு ஓடுபாதையை மாற்றுவார்கள்; அதற்குப் பிறகோ அதற்கு முன்போ அரை நாள் நிம்மதி, அந்தந்த வாரத்தைப் பொறுத்தது. நான் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். காதுக்குக் கவசம் போட்டு வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அதே இரைச்சல் கூரைக்கு மேல் காத்திருக்கும். என் மனைவி பத்து வருடத்துக்கு மேலாக அதற்குள்தான் சமைக்கிறாள், தூங்குகிறாள், செபமாலை சொல்கிறாள்.

ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் எனக்கு வில் பைத்தியம் பிடித்தது. வேலையிடத்து நண்பன் ஒருவன் தன்னுடைய கிளப்புக்கு என்னைக் கூட்டிப்போனான். அன்றோடு நான் அதில் விழுந்துவிட்டேன். சில மாதத்தில் சொந்தமாக ஒரு ரிகர்வ் வில் வாங்கிவிட்டேன். மரத்தில் செய்த பழைய பாணி வில். நுனிகள் இரண்டும் முன்பக்கமாக வளைந்திருக்கும். குறி பார்க்கும் கருவி எதுவும் கிடையாது, கண்ணும் கையும்தான். இதைக் கேள்விப்பட்டுப் பிரான்சில் இருக்கும் மச்சான் போன் எடுத்தான். இங்கிலாந்தில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது. பிரான்சில் விடும், அதற்கான பரீட்சையையும் பயிற்சியையும் முடித்திருந்தால். அவன் முடித்தவன். என்னையும் முடித்துக்கொண்டு இலையுதிர் காலத்துக்கு வரச் சொன்னான்.

“உன்ர வில்லு சத்தம் போடுமோ?” என்று கேட்டான்.

“விட்டா டங் எண்டு கேக்கும்.”

“அப்ப உப்பிடியே கொண்டு வந்திடாத. அம்பு போய்ச் சேர முன்னம் சத்தம் போய்ச் சேரும். மான் அதைக் கேட்டுப் பதுங்கும். நெஞ்சில பட வேண்டியது முதுகில படும். பட்ட மான் ஓடிப்போய்ப் பத்தைக்குள்ள கிடந்து நாள்க்கணக்காச் சாகும்.”

நான் இறைச்சி சாப்பிடுகிறவன். சாமியார் வேஷம் போட மாட்டேன். ஆனாலும் அந்த மான் பற்றைப் புதருக்குள் கிடந்து மூச்சு வாங்குவது என் மண்டைக்குள் ஏறிவிட்டது. சத்தத்தை அடக்காமல் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

தோட்டத்தின் கடைசியில் செங்கல் சுவர். அதற்கு முன்னால் கெட்டியான ஸ்பொஞ்ச் இலக்கு ஒன்றை நிறுத்தி, வேலை இல்லாத பிற்பகல்களில் எய்யத் தொடங்கினேன். அன்றிலிருந்து ஒன்றைக் கவனித்தேன். நான் வில்லில் நாணை ஏற்றினால் என் மனைவி கோட்டைப் போடுவாள்.

“கடைக்குப் போட்டு வாறன்.”

ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு பாக்கெட் கறிவேப்பிலையோடு வருவாள். ஒரு கட்டத்தில் எங்கள் ஃபிரிட்ஜில் ஐந்து பாக்கெட் கறிவேப்பிலை இருந்தது. வந்த பிறகும் என்னோடு அதிகம் பேச்சில்லை. சாப்பாடு வரும், தேநீர் வரும், முகம் வராது.

அது தவக்காலம். மன்னாரில் பிறந்தவள், தவக்காலம் முழுக்க மீன்கூடத் தொடமாட்டாள். நாற்பது நாளும் பார்த்து ஒரு மனுசன் கொலைக்குப் பழகுகிறானே என்று கோபம் என நினைத்தேன். நியாயமான கோபம்தான். உயிர்த்த ஞாயிறு வரட்டும், சரியாகும் என்று இருந்தேன். பெருநாள் வந்தது, ஆட்டிறைச்சி சமைத்தாள், சிரித்துப் பேசினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் வில்லை எடுத்தேன். அவள் கோட்டை எடுத்தாள்.

“நான் வேட்டைக்குப் போறது உமக்கு விருப்பமில்லையோ?” என்று கேட்டும் பார்த்தேன்.

“எனக்கென்ன, நீங்கள் போங்கோ.”

கல்யாணம் கட்டியவர்களுக்கு அந்தப் பதிலின் அர்த்தம் தெரியும். எனக்குப் பயம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும்தான் வீட்டில், பிள்ளைகள் இல்லை. அவளும் வாயை மூடிக்கொண்டால் எனக்குப் பேச விமானம்தான் மிச்சம். பேசாமல் வில்லை விற்றுவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். ஆனால் என்னுடைய பிடிவாதம் லேசுப்பட்டதல்ல. ஒரே ஒரு தடவை போய்விட்டு வந்து விற்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு சத்தத்தின் பின்னால் அலைந்தேன்.

அலைந்தேன் என்றால் உண்மையாகவே அலைந்தேன். முதலில் நாணை இன்னும் சில முறுக்கு முறுக்கி, வில்லிலிருந்து சற்றுத் தள்ளி நிற்க வைத்தேன். சத்தம் கொஞ்சம் தணிந்தது. அளவு மீறி முறுக்கியபோது திரும்பவும் கூடியது; அவிழ்த்து, அரை விரல் குறைத்து, மறுபடி எய்தேன். வளைந்த நுனிகளில் நாண் போய் அறைகிற இடத்தில் மெல்லிய கம்பளித் துணி ஒட்டினேன். பழைய குளிர்த்தொப்பி ஒன்றைப் பிரித்து, நூலைக் குஞ்சம் குஞ்சமாக வெட்டி, நாணின் மேலும் கீழும் கட்டினேன். நாணின் அதிர்வை அந்தக் குஞ்சங்கள் குடித்துவிடும். அம்பையும் கனமானதாக மாற்றினேன். பாரமான அம்பு வில்லின் வேகத்தைத் தானே எடுத்துக்கொண்டு போகும், சத்தம் போடுவதற்கு மிச்சம் வைக்காது. இதையெல்லாம் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

வில்லைப் பிடித்திருப்பவனுக்குக் கேட்கிற சத்தம் வேறு, மானுக்குக் கேட்பது வேறு. அதனால் இலக்குக்கு அருகில் நாலு செங்கல்லை அடுக்கி, அம்பு படாமல் அவற்றுக்குப் பின்னால் போனை வைத்துப் பதிவு செய்தேன். விமானம் இல்லாத நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். முதல் வாரத்துப் பதிவையும் வைத்திருந்தேன், ஜூன் மாதத்துப் பதிவையும் வைத்திருந்தேன். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது எனக்கு ஒரே பெருமை. பெருமையை யாரிடமாவது காட்ட வேண்டுமே.

அவள் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேரும், இதைக் கேளும்” என்று முதல் பதிவைப் போட்டேன்.

டங் என்றது. ஒரு சின்ன இடைவெளி. பிறகு தொப் என்று அம்பு விழுந்தது.

அவள் கத்தியை விட்டுவிட்டு மேசையின் விளிம்பைப் பிடித்துக் கொண்டாள். முழங்கால் மடிந்திருந்தது. மேசைக்குக் கீழே போகப் புறப்பட்டவள் பாதியில் நிற்பதுபோல் நின்றாள். பிறகு நிமிர்ந்து, கோபமில்லாமல், களைத்த குரலில் சொன்னாள்.

“இதைக் குசினிக்குள்ளயும் கொண்டு வந்திட்டியளே.”

நான் போனை அணைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் உட்கார்ந்தாள்.

“ஆமிப் பக்கமிருந்து ஷெல் குத்தி விடுற சத்தம் முதல் கேக்கும்” என்றாள். “பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் இராது. பிறகு விழும். அந்த இடைவெளிக்குள்ளதான் பங்கருக்குள்ள பாய வேணும். நீங்கள் எய்யிறது அம்பெண்டு எனக்குத் தெரியும். கால் கேக்குதில்லை.”

நான் தொண்ணூறுகளிலேயே தப்பி வந்தவன். ஊரில் நடந்த யுத்தத்தின் கடைசிச் சண்டைக்குள்ளிருந்து வந்தவள் அவள். அந்தக் காலத்தைப் பற்றி அவள் அதிகம் சொன்னதில்லை, நானும் கிளறியதில்லை.

“பிளேனுக்கு நீர் ஒரு நாளும் பயப்பிடேல்லையே?”

“முதல் மாசம் பயந்தனான். பிறகு பார்த்தா இதுகள் ஒரே பாதையில ஒழுங்கா வருதுகள், ஆக்களை இறக்கிறதுக்கு வருதுகள். நீங்கள் எப்ப விடுவியள் எண்டு ஆருக்குத் தெரியும்? இழுத்து வைச்சுக்கொண்டே நிப்பியள்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“உங்களுக்கெண்டு இருக்கிறது ஒரே ஒரு விளையாட்டு. அதையும் ஏன் குழப்புவான் எண்டு இருந்திட்டன்.”

“அப்ப வேட்டை?”

“வேட்டைக்கென்ன? நாங்கள் மான் வத்தல் திண்டு வளர்ந்த ஆக்கள். போய்ச் சுட்டுத் திண்டிட்டு வாங்கோ.”

எனக்கு முதலில் வந்தது ஆறுதல்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை அரிசியை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அவளுக்கு என்மேல் கோபமில்லை. மூன்று மாதமாக அவள் என்னை விட்டு விலகவில்லை, அந்தச் சத்தத்தை விட்டுத்தான் விலகிப் போயிருக்கிறாள். அதன்பிறகுதான் வெட்கம் வந்தது. பிரான்சில் எந்தக் காட்டிலோ நிற்கிற, நான் கண்ணாலும் காணாத ஒரு மான் திடுக்கிடக் கூடாது என்று அத்தனை பாடுபட்டிருக்கிறேன். ஒரே கூரைக்குக் கீழே என்னோடு இருந்தவளைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

“இப்ப சத்தம் குறைஞ்சிட்டுது” என்று சொல்லி, இரண்டாவது பதிவைப் போடவா என்று கேட்டேன். தலையாட்டினாள். பதிவு முடியும்வரை கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“விடுற சத்தம் பரவாயில்லை. விழுற சத்தம் அப்பிடியே இருக்கு.”

அதை நான் யோசிக்கவே இல்லை. அம்பு இலக்கில் விழுகிற சத்தம் மானுக்கு ஒரு பொருட்டல்ல, அதனால் எனக்கும் பொருட்டாக இருக்கவில்லை. அன்று பின்னேரமே ஸ்பொஞ்ச் இலக்கைத் தூக்கி ஷெட்டுக்குள் போட்டேன். இரண்டு பேருமாக ஒரு பெரிய சாக்குக்குள் பழைய துணிகளை அடைத்தோம். என் குளிர்ச்சட்டைகள், கிழிந்த போர்வைகள், அவளுடைய இரண்டு மூன்று பருத்திச் சேலைகள். எதை அடைப்பது எதை வைப்பது என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. அவள் என்னோடு வாக்குவாதப்பட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்தேன். சாக்கைக் கயிற்றில் தொங்கவிட்டு, முன்னால் பழைய குவில்ட் போர்வை ஒன்றையும் போட்டு மூடினேன்.

மறுநாள் எனக்கு லீவு. விமானங்கள் மற்றப் பாதைக்கு மாறும் வரை காத்திருந்தேன். அவள் கோட்டைத் தொடவில்லை. உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள்.

“நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு உடுப்புக் காயப் போடுறன். நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ. ஏலாட்டி உள்ள போயிடுவன்.”

எனக்குப் பின்னால், குசினிக் கதவுக்குப் பக்கத்தில் கொடி கட்டியிருந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சட்டைகளை உதறினாள். முதல் அம்பை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒரு தலையணை உறையை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். இரண்டாவதை விட்டேன். பிறகு திரும்பிப் பார்க்காமல் மிச்சத்தையும் விட்டேன்.

கூடை வெறுமையானதும் அவள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னும் கதவைப் பார்த்தபடியே கேட்டாள்.

“என்ன, எப்ப தொடங்கப் போறியள்?”

ஆறு அம்பும் சாக்கில் இருந்தன.

“முடிஞ்சுது” என்றேன்.