பூட்டனாரைத் தேடிய அக்கா

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, சாப்பிட்டு, கல்வெட்டு என்னும் இந்த நினைவுப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு போகும் உறவினர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது வம்சாவளிப் பக்கத்தைத்தான். தம்முடைய பெயர் இருக்கிறதா, யாருக்குக் கீழே இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடிவைப்பார்கள். இம்முறை அந்தப் பக்கத்துக்கு எதிரே ஒரு பழைய பிறப்புப் பதிவின் பிரதியும் இருக்கிறது. அது அச்சகத்தாரின் தவறு அல்ல. காலமாவதற்கு முன் அக்கா போடச் சொன்னார். ஏன் போட்டது என்பதை நானே எழுத வேண்டும் என்றும் சொன்னார். ஆகவே, துயரத்தில் கை நடுங்க எழுதுகிறேன் என்று வழமையாகத் தொடங்கும் வசனம் இதில் இல்லை. கை நடுங்கவில்லை. முப்பது வருடம் அரசாங்கத்துக்கு எழுதிய கை.

அக்கா அளவெட்டியில், இப்போது நான் இருக்கும் இந்த வீட்டிலேயே, எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மூன்று வருடம் கழித்து நான். வேறு பிள்ளைகள் இல்லை. அக்காவுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அம்மா காலமானார். அன்றிலிருந்து அடுப்பும் ஐயாவின் கோபமும் அக்காவின் பொறுப்பாயின. இரண்டையும் அணையாமலும் அதிகம் எரியாமலும் பார்த்துக்கொண்டு, படித்து, ஆசிரியையாகவும் ஆனார். அரசாங்கக் கந்தோர்களுக்கு ஆள் எடுக்கும் எழுதுவினைஞர் சோதனைக்கு என்னைத் தயார் செய்தவரும் அவரே. "கேள்வியை ரண்டுதரம் வாசி. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது" என்பார். நான் முதல் தடவையிலேயே சித்தியடைந்தேன்.

ஐயாவுக்குப் பெருமைப்பட ஒரேயொரு மனிதர் இருந்தார்: அவருடைய பாட்டனாரான எங்கள் பூட்டனார். வெறும் கல்லும் முள்ளுமாகக் கிடந்த இந்தக் காணியில் முதன்முதலாகக் குடியேறி, கற்பாறையைப் பிளந்து கிணறு வெட்டி, புகையிலைத் தோட்டம் உண்டாக்கியவர் என்று ஐயா சொல்வார். பெரிய படிப்பாளி என்றும் சொல்வார். பூட்டனாரை ஐயா கண்டதில்லை. கண்டவர் எவரும் அப்போது உயிரோடும் இல்லை. அதனால் பூட்டனார் வருடந்தோறும் வளர்ந்து வந்தார்.

அது ஐம்பத்தாறாம் ஆண்டு, சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற சட்டம் வந்த வருடம். ஊர் முழுக்க அதைப்பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் கலியாணக் கதை நடந்தது. அக்காவின் பாடசாலையில் கணிதம் படிப்பித்த மாஸ்ரர் ஒருவர், தம் தகப்பனாரை முறைப்படி அனுப்பிப் பெண் கேட்டார். அக்காவுக்குச் சம்மதம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிழமை முழுவதும் கறிக்கு உப்பு இரண்டுதரம் விழுந்தது. மாஸ்ரரிடம் குறை சொல்ல ஐயாவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறையாக இருந்தது.

"பூட்டனார் வெட்டின கிணத்திலை வந்தவன் போனவன் எல்லாம் தண்ணி அள்ளேலாது" என்றார் என்னிடம். "உவையின்ரை அடி வேர் என்னெண்டு ஒருக்கால் பார். கந்தோரிலை சும்மாதானே இருக்கிறாய்."

நான் அப்போது பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள் வைத்திருக்கும் ஒரு கந்தோரில் இளைய எழுதுவினைஞன். சும்மா இருக்கவில்லை. விண்ணப்பம் நிரப்பி, முத்திரை ஒட்டி, மாஸ்ரருடைய தகப்பனாரின் பிறப்புப் பதிவின் பிரதியை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் படிவத்தில் ஒரு கூடு உண்டு: 'பெற்றோர் விவாகம் செய்தவர்களா?' அதற்கு நேரே 'இல்லை' என்று எழுதியிருந்தது.

ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"உது சரியான பதிவோ?"

"ஓம் ஐயா. கையெழுத்தும் முத்திரையும் இருக்கு."

இவ்வளவுதான் கேட்டார், இவ்வளவுதான் சொன்னேன் என்று நான் இருபது வருடத்துக்கு மேலாக என்னை நானே நம்பவைத்திருந்தேன்.

சில நாட்களில், சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல மாஸ்ரர் வீட்டுக்கு ஆள் போனது. அக்கா கிணற்றடியில் நின்றார்.

"நீ எடுத்த பதிவோ, தம்பி?"

"ஓம்."

"பிழையொண்டும் இல்லையே?"

"பிழை இல்லை அக்கா."

அவர் வாளியைக் கிணற்றுக்குள் விட்டார்.  பின்னர் வந்த இரண்டு சம்பந்தங்களையும் அவரே வேண்டாம் என்றார். மாஸ்ரர் தென்மராட்சிப் பக்கம் மாற்றம் எடுத்துக்கொண்டு போய், அங்கேயே கலியாணம் முடித்தார்.

எங்கள் ஊர் வழமைப்படி வீடு மகளுக்குச் சீதனம். எனக்கு ஒரு துண்டுப் பனங்காணி இருந்தது. அதில் வெயிலும் ஓணானும் இருந்தன. மகளுக்குக் கலியாணம் இல்லை என்றானபின் வீடு என் பெயருக்கு எழுதப்பட்டது. நான் மனைவியோடு பெரிய அறைக்கு வந்தேன். அக்கா குசினிக்குப் பக்கத்து அறைக்குப் போனார். அந்த உறுதிப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து இட்டவர்களில் ஒருவர் அக்கா. மிக அழகான எழுத்து.

ஐயா காலமாகி, அக்காவும் ஓய்வு பெற்ற பின்னர், எழுபதுகளின் கடைசியில், பூட்டனாரின் வரலாற்றை எழுதப்போவதாக அக்கா சொன்னார்.

"ஐயா ஆயுள் முழுக்கச் சொன்னார். ஒருக்கால் எழுத்திலை என்ன கிடக்கெண்டு பாப்பம். உனக்குத்தானே வழி தெரியும்."

வழி எனக்குத் தெரியும்தான். எந்தக் கந்தோரில் எந்த அலுமாரி, எந்த நாளில் யார் லீவு என்பது வரை தெரியும். இருவரும் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனோம். முதலில் அகப்பட்டது பூட்டனார் இந்தக் காணியை வாங்கிய உறுதி. பெரிய படிப்பாளியான பூட்டனார் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு புள்ளடி போட்டிருந்தார். காணி விவரத்தில், 'வீடு, கிணறு, வான்பயிர், தான்பயிர் உட்பட' வாங்கினதாகக் கண்டிருந்தது.

"அப்ப கிணறு வெட்டினது ஆர்?" என்றார் அக்கா.

"வித்தவன்."

அக்கா சிரித்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, கந்தோர் என்பதையும் மறந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டு வெகுகாலம். "ஐயா இருந்திருந்தால் வித்தவனையும் எங்கடை சொந்தம் எண்டிருப்பார்" என்றார்.

அடுத்து வந்தது பூட்டனாருடைய மகனின், அதாவது ஐயாவின் தகப்பனாரான எங்கள் பேரனாரின், பிறப்புப் பதிவு. தகப்பனின் தொழில்: கூலி. பெற்றோர் விவாகம் செய்தவர்களா: இல்லை.

அக்காவின் முகம் மாறியதைக் கண்டு நான் உடனே ஆறுதல் சொன்னேன். இப்போது நினைத்தாலும், அவ்வளவு தெளிவாக நான் எந்த மேலதிகாரிக்கும் விளக்கியதில்லை.

"அது ஒண்டும் இல்லை அக்கா. அந்தக் காலத்திலை எங்கடை சனம் ஐயரைக் கூப்பிட்டுத் தாலி கட்டிறதோடை சரி. கந்தோரிலை போய்ப் பதியிறேல்லை. பதிவு இல்லாட்டி, சடங்கு செய்து கட்டினவையெண்டாலும் பதிவுகாரர் 'இல்லை' எண்டுதான் எழுதுவர். அதுதான் விதி. பாதி யாழ்ப்பாணத்துக்கு உப்பிடித்தான் கிடக்கு. ஒரு குறையும் இல்லை."

அக்கா பதிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது உனக்கு எப்பவிருந்து தெரியும், தம்பி?"

"வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே சொல்லித்தந்திட்டினம்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவர் பிரதியை மடித்துக் கைப்பையில் வைத்தார். திரும்பும்போது பஸ்ஸில் முன்பக்கத்து ஆசனத்தில் இருந்தார். நான் பின்னால் நின்றுகொண்டு வந்தேன். வீட்டில் சோறு போட்டார். மீன் துண்டு பெரியது எனக்குத்தான், வழமைபோல.

ஒரு கிழமைக்குப் பிறகு அந்தப் பதிவு கண்ணாடிச் சட்டத்துக்குள் வந்தது. விறாந்தையில், ஐயாவின் படத்துக்கு அருகே, அக்கா அதைத் தம் கையாலேயே மாட்டினார். வீட்டுக்கு வருகிறவர்கள், எங்கள் ஆட்கள் ஆகையால், வந்து இருக்குமுன் வாசித்துவிடுவார்கள். வாசித்துவிட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "இது என்ன?" என்பார்கள்.

"தம்பியைக் கேளுங்கோ" என்பார் அக்கா. "வடிவாய் விளங்கப்படுத்துவான்."

நான் விளங்கப்படுத்துவேன். அக்கா தேத்தண்ணீரோடு வந்து கதிரையில் இருந்து முழுவதையும் கேட்பார்.  ஒருமுறை நான் சுருக்கிச் சொன்னபோது, "அந்த விதியையும் சொல்லு தம்பி, மறந்திட்டாய்" என்றார். என் சம்பந்திகளுக்குச் சொன்னேன். கோயில் ஐயருக்குச் சொன்னேன். மின்சார மீற்றர் வாசிக்க வந்தவருக்கும் சொன்னேன். நான்கு வருடம். அவர் என்மேல் ஒருநாளும் கோபப்படவில்லை. கழற்றிவிடலாமா என்று நானும் கேட்கவில்லை. வீடு என்னுடையதுதான். சுவர் மட்டும் அவருடையதாக இருந்தது.

இவ்வருடத் தொடக்கத்தில் அக்காவுக்கு இருதயம் பலவீனமாயிற்று. ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். விறாந்தையில் கட்டில் போட்டோம். செய்தி அறிந்து ஒருநாள் பின்னேரம் மாஸ்ரர் சைக்கிளில் வந்தார். தலை நரைத்து, காற்சட்டைக்குக் கிளிப் போட்டுக்கொண்டு, படியில் நின்றார். அக்கா எழும்பி இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"தம்பி" என்றார். "மாஸ்ரருக்கும் விளங்கப்படுத்து."

நான் கண்ணாடிச் சட்டத்துக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் சொன்னேன். விதியையும் விடவில்லை. மாஸ்ரர் நல்ல மாணவனைப்போலக் கேட்டார்.

"விளங்குது தம்பி. ஆனால் உது எங்களுக்கு அப்பவே தெரியும். பதிவைப் பற்றிக் கேள்விப்பட்டு, என்ரை ஐயா வந்து உங்கடை ஐயாட்டை இதைத்தான் சொன்னவர். அதுக்கு உங்கடை ஐயா, 'என்ரை மகன் அந்தக் கந்தோரிலைதான் இருக்கிறான், அவனைக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்' எண்டவராம். பிறகு, கேட்டாச்சு, அப்பிடி ஒண்டும் இல்லையாம் எண்டு ஆள் வந்தது."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்கில் விடுபட்ட ஒரு படியைச் சொல்வதுபோலச் சொன்னார். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, அக்காவிடம், "போட்டு வாறன், ரீச்சர்" என்று சொல்லிப் போனார். அக்கா படலை மூடும் சத்தம் கேட்கும் வரை பொறுத்திருந்தார்.

"ஐயா கேட்டவரோ?"

"கேட்டவர்."

"என்னெண்டு?"

"உதுக்கு வேறை விளக்கம் ஏதும் இருக்கோ எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை எண்டனான்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது எண்டு நான்தான் உனக்குப் படிப்பிச்சனான்" என்றார். "அவர் கேக்கேல்லை, நீ சொல்லேல்லை எண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன். கேட்டதுக்கே பிழையாய் எழுதியிருக்கிறாய்." பிறகு, "உந்தப் பதிவைக் கல்வெட்டிலை போட்டு, ஏனெண்டும் நீயே எழுது. நீ விளங்கப்படுத்த இனி நான் இருந்து கேக்கமாட்டன்."

அடுத்த கிழமை அவர் காலமானார். இறப்பைப் பதிந்தவன் நான். படிவம் முழுவதையும் ஒரு பிழையும் இல்லாமல் நிரப்பினேன்.

அக்காவை நோயில் பார்த்த வைத்தியருக்கும், பந்தல் போட்ட அயலவர்களுக்கும், தேவாரம் ஓதியவர்களுக்கும், இந்தப் பதிவை அச்சிடத்தான் வேண்டுமா என்று இருமுறை கேட்ட அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. படலையடியில் நின்று, பாடை தெருவுக்கு வந்தபோது தோள் கொடுத்து, மயானம் வரை நடந்து, ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல் சைக்கிளில் திரும்பிப்போன மாஸ்ரருக்கும் நன்றி. அவருக்கான பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஐயாவின் கேள்வி ஒன்று மட்டும் இன்னும் சரியான பதிலில்லாமல் கிடக்கிறது. அதையும் முடித்துவிடுகிறேன்.

இருந்தது ஐயா. விளக்கம் இருந்தது. எனக்கு அது தெரியும். எனக்கு வீடு தேவைப்பட்டது.