கோல் போட்டவன் துவைக்கணும்

3 மார்ச் 1986: ஜெர்சித் துணி, 330.
8 மார்ச் 1986: துணி சோப்பு, 12.

இப்படிக் கணக்கு எழுதி வைத்து பையன்களின் கால்பந்துக் கழகத்தை நடத்திய தையல்காரர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கோல் போட்டவன்தான் எல்லோருடைய ஜெர்சியையும் துவைக்க வேண்டும். யாருக்கும் தலைக்கனம் ஏறிவிடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

அந்த வருட இறுதி ஆட்டத்தன்று அடைமழை. மைதானமே சேறு. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், எதிரணி கோல் வாசலில் பந்து கழகத்துப் பையன் நெட்டையனுக்குக் கிடைத்தது. அவன் அடிக்காமல் பக்கத்தில் நின்ற கூட்டாளி குள்ளனுக்குத் தள்ளினான். குள்ளன் பெரிய மனசோடு அவனுக்கே திருப்பித் தள்ளினான். எதிரணி கோல்கீப்பர் நிதானமாக வந்து பந்தை எடுத்துக்கொண்டான். ஒரு கோலும் விழாததால் பூவா தலையா போட்டார்கள். அதிலும் தோற்று, கோப்பை கைவிட்டுப் போனது.

"ஏண்டா அடிக்கல?" என்று நெட்டையனைப் பிடித்துக் கேட்டார் தையல்காரர்.

"மாமா, பதினொரு ஜெர்சியையும் ஒரு தடவை பாருங்க. அப்புறம் திட்டுங்க."

மறுநாள் குழாயடியில் தையல்காரரே துவைக்க உட்கார்ந்தார். முதலில் நெட்டையன் வந்தான். "தள்ளி உட்காருங்க மாமா, சோப்பையெல்லாம் நீங்களே கரைச்சிடுவீங்க போல." பின்னாலேயே மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

அதன்பிறகு எந்த வருடப் பையன்கள் ஆடினாலும், ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கூடித்தான் துவைத்தார்கள். கழகங்கள் மோதும் லீக் போட்டியையே நிறுத்திவிட்டோம் என்று அதை நடத்தியவர்களிடமிருந்து கடைசிக் கடிதம் வந்த நாள்வரை அந்தக் குழாயடிச் சிரிப்பு ஓயவில்லை: 14 ஜூன் 2009.