கறுப்பு மை பூசிய அட்டை

போன வாரம் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண், சாப்பிட்டு முடித்த கையோடு நெயில் பாலிஷை அழிக்க உட்கார்ந்தாள். அந்த ரிமூவர் வாசனைக்குச் சிலருக்குத் தலைவலி வரும். எனக்குக் குற்றவுணர்ச்சி வரும். ஏனென்று சொல்கிறேன். கொஞ்சம் அருவருப்பான விஷயம், சாப்பிட்டுவிட்டே படியுங்கள்.

குவைத்தில் மங்காஃப் என்ற பகுதி. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். நான் ஆறாம் வகுப்பு. எங்கள் கட்டடத்தின் கீழே இருந்த பக்காலாவில், அதாவது பெட்டிக்கடைக்குக் கொஞ்சம் பெரிய மளிகைக்கடையில், பபிள்கம் பாக்கெட்டோடு ஒரு அட்டை வரும். கொழுகொழு பொம்மைகளைக் கேலி செய்து வரைந்த படங்கள். சளியில் ஊஞ்சல் கட்டி ஆடும் பாப்பா, காதுக் குறும்பியில் மெழுகுவத்தி செய்யும் பையன், வாந்தியை நூடுல்ஸ்போல் சுற்றிச் சாப்பிடும் இரட்டையர். கம்மை யாரும் மெல்லவில்லை. அதன் சர்க்கரைப் பொடி ஒட்டி, சளிப் பாப்பா ரோஸ்மில்க் மணத்தோடு இருப்பாள். பள்ளியில் எங்களுடையது பெண்கள் பிரிவு, எல்லோரும் அடக்கமான பிள்ளைகள். இரண்டு சளிக்கு ஒரு வாந்தி என்று மாற்றிக்கொள்வோம்.

அம்மா ஒருநாள் பார்த்துவிட்டாள். "கர்மம். இதுக்கா உங்கப்பா வெயில்ல காயறாரு?" என்றாள். அப்பாவுக்கு ஏசி அறையில்தான் வேலை. அதை எடுத்துச் சொல்லும் தைரியம் அப்பா உட்பட யாருக்கும் இல்லை.

முத்துலட்சுமி வருடத்தின் நடுவில் கோவில்பட்டியிலிருந்து வந்து சேர்ந்தாள். எங்கள் கட்டடத்திலேயே மூன்றாம் மாடி. வகுப்பில் எல்லோரும் இங்கிலீஷ், அவளுக்கு அது வராது. இரண்டு மாதம் அவளோடு யாரும் பேசவில்லை. நானும் வீட்டில்தான் பேசுவேன், பள்ளியில் சற்றுத் தள்ளியே நிற்பேன்.

அவள் வாங்கிய முதல் பாக்கெட்டிலேயே அந்த அட்டை வந்தது. பார்க்கக்கூடாத படம் என்றால் குவைத்தில் தணிக்கைக்காரர்கள் கறுப்பு மை பூசிவிடுவார்கள். பத்திரிகைப் பெண்களுக்குத் தோள் இருக்கவேண்டிய இடத்தில் மை இருப்பதுதான் இயற்கை என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். இந்த அட்டையில், குளியல் தொட்டியில் உட்கார்ந்த ஒரு தடியன் பரவசமாக எதையோ கட்டிப்பிடித்திருந்தான். எதை என்பதுதான் தெரியவில்லை. அதன்மேல் முழுக்க மை.

என்னவாக இருக்கும் என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, ஒரு வருடம் துவைக்காத அவனுடைய சாக்ஸ் என்றாள். அதற்குக் கால் முளைத்து, ஊரெல்லாம் சுற்றிவிட்டு, அன்றுதான் வீடு திரும்பியிருக்கிறதாம். நான் அதை இங்கிலீஷில் மற்றவர்களுக்குச் சொன்னேன். மறுநாள் இடைவேளையில் இருபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். தினம் ஒரு கதை. அவள் தமிழில் சொல்வாள், நான் மொழிபெயர்ப்பேன், கையோடு இரண்டு செப்டிக் டேங்க்கையும் சேர்த்துவிடுவேன். அந்த அட்டை இல்லாவிட்டால் அவள் மறுபடி யாரும் பேசாத பெண்தான். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

தன் அம்மா தூக்கிப் போட்டுவிடுவாள் என்று பயந்து, அட்டையை அவள் என்னிடம்தான் கொடுத்து வைப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை, பிரியாணி சாப்பிட்டு அப்பாவும் அம்மாவும் தூங்கிய மதியத்தில், அம்மாவின் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன்.

ஒரு பன்றிக்குட்டி, அந்த ஊரில் படத்தில்கூட ஆகாத பிராணி. குளிப்பாட்டி, கழுத்தில் ரிப்பன் கட்டியிருந்தது. அந்த அட்டைகள் மொத்தத்திலும் சுத்தமாக இருந்த ஒரே ஜீவன் அதுதான்.

ஊருக்குப் போகும்போது அட்டைப்பெட்டியில் முகவரி எழுதவென்று அப்பா வாங்கி வைத்திருந்த மார்க்கரால் பழையபடி பூசினேன். பளபளப்பு ஒத்துப்போகவில்லை. மறுநாள் முத்துலட்சுமி அட்டையை வாங்கினாள், முகர்ந்து பார்த்தாள், கதையைத் தொடங்கினாள். அன்று தொட்டியில் இருந்தது ஒரு பல் டாக்டர். நல்ல கதைதான். ஆனால் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. டாக்டர் என்று சொல்லும்போதே பன்றிக்குட்டி வந்து நின்றது. அவள் சொன்னதை மட்டும், தந்தி வாசிப்பதுபோல் சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் கேட்டாள். "பாத்துட்ட, இல்லட்டி?"

தலையாட்டினேன்.

"என்கிட்ட சொல்லிராத. நான் இன்னும் முடிக்கல."

அவளை முடிக்கவிடாமல் செய்தது நான்தான். அவள் கதை குறையவில்லை, என் இங்கிலீஷ்தான் செத்துப்போனது. இருபது பேர் எட்டு ஆனார்கள், எட்டு மூன்று ஆனது. பிறகு வாசனை ஜெல் பேனா வந்தது. அட்டையைப் பற்றிக் கேட்டால் பக்காலாக்காரர் "கலாஸ்", தீர்ந்துபோச்சு என்று கையை விரித்தார். முத்துலட்சுமி ஜன்னலோரம் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். நான் பேனா கூட்டத்தில் இருந்தேன். பரீட்சை முடிந்ததும் அவர்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பக்காலா இப்போது இல்லையாம். மை பூசுகிறவர்கள் இருக்கிறார்களா தெரியவில்லை, பூசினாலும் போனில் எல்லாம் தெரிகிறது. முத்துலட்சுமி ஒரு மாதம் கதை சொன்னாள். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். சாக்ஸும் அரைகுறையாக அந்தப் பல் டாக்டரும்தான் வருகிறார்கள். மற்ற எதுவும் நினைவில்லை. பன்றிக்குட்டியின் ரிப்பன் மட்டும் என்ன நிறம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.