மணிவிழா மலரின் பதினோராம் பக்கம்

நஸ்ரின் அடுத்தவர்களுக்காக எழுதிப் பிழைக்கிறவள். கடைத் திறப்பு நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர், தங்கும் விடுதியின் இணையதளத்துக்கு நாலு பத்தி என்று காரைக்குடியில் எது வந்தாலும் செய்வாள். மாதச் சம்பளம் கிடையாது. ஒருவர் நல்லபடியாகச் சொன்னால்தான் அடுத்தவர் கூப்பிடுவார். ஒரு பிழை போதும், ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும் என்ற பயம் அவளை விட்டதே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நெற்குப்பை வாத்தியாருக்கு மலரு எழுதுனது நீதானே தாயி? நான் நாச்சியாபுரத்துல இருந்து சோணையம்மா பேசுறேன், அச்சகத்துல தாளு மடிக்கிற தேவிகாவோட அம்மா. நான் எப்பச் செத்தேன்?"

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வீரையாவின் மணிவிழா மலர் அது. வியாழக்கிழமை விழா. பதினோராம் பக்கத்தில், 'காலஞ்சென்ற அக்கா சோணையம்மாள்' என்று எழுதியிருந்தாள். மடிக்கும்போது தேவிகாவின் கண்ணில் பட்டிருக்கிறது.

"மன்னிச்சிருங்கம்மா..."

"உன்னச் சொல்லி என்ன? அவன் சொல்லாமலா எழுதியிருப்ப?"

போன் வைக்கப்பட்டது.

நஸ்ரின் பதிவு செய்திருந்த பேட்டியை ஓடவிட்டாள். "எனக்கு ஒரு அக்கா. அவுக முப்பது வருசத்துக்கு முன்னாடியே போயிட்டாக" என்றது வீரையாவின் குரல். எங்கே போனார் என்று அவள் கேட்கவில்லை. அடுத்த கேள்விக்குத் தாவியிருந்தாள். ஆனால் புரூஃபைப் படித்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்தானே?

அவருக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அது அப்படியே இருக்கட்டும்மா. வேத்துச் சாதிக்காரரைக் கட்டிக்கிட்டுப் போன அன்னைக்கே எங்கப்பா தலைமுழுகிட்டாரு."

நஸ்ரின் அச்சகத்துக்கு ஓடினாள். "நாளைக்குச் சாயங்காலம் புத்தகம் எடுக்க வண்டி வந்துரும். சார் ஒரு வார்த்தை சொல்லட்டும், நிறுத்திர்றேன்" என்றார் முதலாளி முத்தரசு. தேவிகா குனிந்த தலை நிமிராமல் மடித்துக்கொண்டே இருந்தாள்.

நெற்குப்பைக்குப் பஸ் ஏறினாள். இரண்டு பள்ளிக்கூடங்களில் மலர் வேலைக்கு அவளைச் சொல்லிவிடுவதாக வீரையா வாக்குக் கொடுத்திருந்தார். அது போய்விடும் என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. பாதியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனாலும் வீரையாவின் வீட்டுக்கே போய் நின்றாள்.

"விளங்காம எழுதுனது என் தப்பு சார். தெரிஞ்ச பிறகும் விட்டா அது பொய். உயிரோட இருக்கிறவுகள என் பேரு போட்ட மலர்ல செத்தவுகளா ஆக்க முடியாது."

"அப்ப உங்க பேரை எடுத்துருவோம்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. "எடுத்துருங்க சார். அவுக பேருக்கு முன்னாடி இருக்கிறதையும் எடுத்துருங்க."

அதுவரை கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி ராக்காயி முன்னால் வந்தார். "நீங்க மஞ்சக்காமாலையில கிடந்தப்ப, ஆஸ்பத்திரி வாசல்லயே மூணு நாளு உட்காந்திருந்தது யாரு? உள்ள வந்தா நீங்க மூஞ்சியத் திருப்பிக்குவீகன்னு பயந்து வெளியவே இருந்தாக. இத்தனை நாளு நான் சொல்லல. அவுகளுக்கா காலஞ்சென்றன்னு போடுறீக?"

வீரையா எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு முத்தரசு நஸ்ரினைக் கூப்பிட்டார். "காலஞ்சென்றங்கிறதை எடுத்துட்டு அந்தத் தாளை மட்டும் திரும்ப ஓட்டச் சொல்லிட்டாரும்மா. அக்கா பேரு பக்கத்துல நாச்சியாபுரம்னு ஊரையும் சேக்கணுமாம். அப்புறம்... கடைசிப் பக்கத்துல உங்க பேரு வேணாம்னுட்டாரு."

விழாவுக்குச் சோணையம்மாளை யாரும் அழைக்கவில்லை. பள்ளிக்கூடங்களிலிருந்தும் இன்றுவரை நஸ்ரினை யாரும் கூப்பிடவில்லை. தேவிகா ஒரு மலரை வீட்டுக்கு எடுத்துப்போய் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினாளாம். சோணையம்மாள் கேட்டுவிட்டு, "தம்பிக்கு அறுபது ஆயிருச்சா" என்று மட்டும் சொன்னாராம்.