வாள்மீன் பூசை

என் சமையலறைச் சுவரில் ஒரு தராசுத் தட்டு தொங்குகிறது. பழைய மீன்கடைத் தராசின் உருக்குத் தட்டு. விளிம்பு முழுவதும் சின்னச் சின்ன நசுங்கல்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஏதோ பழம்பொருள் கடையில் தேடி வாங்கிய அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "இல்லை, அது ஒரு வாத்தியம்" என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு காலத்தில் இந்தத் தட்டின் ஓசையைக் கேட்காத இளசுகள் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் குறைவு. லண்டனிலும் கொஞ்சப் பேர் கேட்டார்கள். தட்டியவர் என் குஞ்சியப்பா, அப்பாவின் கடைசித் தம்பி. அதனால் அவர் மாட்டிக்கொள்ளக் காரணமானவள் நான்.

குஞ்சியப்பா யுத்தம் முடிந்தபின் மன்னாரிலிருந்து வந்து பலெர்மோவில் எங்களோடு தங்கினார். கலியாணமாகி ஏழாம் மாதம் குஞ்சியம்மாவைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு வந்தவர். கடுதாசிக் கணக்கில் அவர் வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் தனியாக வசித்த ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு வயதான இத்தாலிய அம்மாளின், வீட்டு வேலையாள். மத்தியானம் ஒரு மணிக்குப் போய் வீடு துடைத்து, துணி மடித்து, மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மாலையில் திரும்புவார். அந்த வேலை ஒப்பந்தத்தைக் காட்டித்தான் குவெஸ்தூராவில், போலீஸ் தலைமையகத்தில், அவருடைய பெர்மெசோ என்ற தங்கும் அனுமதி புதுப்பிக்கப்படும். பெர்மெசோ இருந்தால்தான் குஞ்சியம்மாவைக் கூப்பிட மனுப் போடலாம். ஆக, சிஞ்ஞோராவின் ஒரு கையெழுத்தில்தான் குஞ்சியம்மாவின் பயணம் தொங்கிக்கொண்டிருந்தது.

சிஞ்ஞோரா வேலைக்கு எடுக்கும்போதே இரண்டு நிபந்தனைகள் போட்டிருந்தார். வேறு யாரிடமும் வேலை செய்யக் கூடாது. வீட்டுக்குள் மீன் வாடை வரக் கூடாது. இரண்டுக்கும் பவ்வியமாகத் தலையாட்டிய மனிதர் அதற்கு முந்தைய கிழமைதான் கபோ சந்தையில் ஒரு மீன்கடையில் காலை வேலைக்குச் சேர்ந்திருந்தார். காலையில் ஏன் வர முடியாது என்று சிஞ்ஞோரா கேட்டபோது, வாயில் வந்ததைச் சொன்னார்: மாதா கோயில் பூசைக்குப் போகிறேன். தினமுமா? தினமும். சந்தை முடிந்ததும் பாதி எலுமிச்சம்பழத்தில் உப்பைத் தொட்டு, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டு அந்த வீட்டு மணியை அடிப்பார். கோயிலிலிருந்து வருகிற மனிதன் இப்படித்தான் மணப்பான் என்று சிஞ்ஞோரா நம்பிவிட்டார். தலைமுடி அலங்காரக் கடையில், மாடிப்படியில், மருந்துக்கடையில், எங்கும் தன் வீட்டுக்கு வரும் தமிழ்ப் புனிதரைப் பற்றித்தான் பேச்சு.

"உந்தப் பொய் ஒரு நாளைக்கு நாறும்" என்பார் அம்மா.

"நாறாது அண்ணி, தேசிக்காய் போட்டிருக்கிறன்" என்பார் குஞ்சியப்பா.

அந்தக் காலத்தில் எனக்குப் பதினேழு வயது. காதில் எப்போதும் இயர்போன். லண்டனில் இருந்த மாமியின் மகன், என் மச்சான், எனக்குக் கிரைம் என்ற இசையைப் பழக்கிவிட்டிருந்தான். குற்றம் என்று பதற வேண்டாம்; இந்தச் சொல்லுக்கு அழுக்கு என்று அர்த்தம். கிழக்கு லண்டனின் மாடிக் குடியிருப்புகளில், உரிமம் இல்லாத வானொலிகளில், பையன்கள் ஒரே மைக்கைக் கைமாற்றிக் கைமாற்றிப் பாடி வளர்த்தது. பாட்டு என்பதைவிட, மூச்சுவிடாமல் சண்டைபிடிப்பது என்றால் சரியாக இருக்கும். அதன் காலம் முடிந்துவிட்டது என்று பலரும் கைகழுவிய பிறகு, இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில், கைபேசியும் இணையமும் அதைத் திரும்ப எழுப்பிவிட்டன. படுக்கையறையில் செய்ததைக் காலையில் ஏற்றினால் மாலைக்குள் இன்னொரு நாட்டில் யாரோ தலையாட்டுவார்கள். "மச்சாள், இதுக்கு ஸ்டூடியோ ஒண்டும் வேண்டாம். ஒரு லப்டொப், கொஞ்சம் கோவம், அவ்வளவுதான்" என்று எழுதுவான். ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் அம்மா வேலை செய்த உணவகத்துக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டு அந்தக் கோபத்தைக் கேட்பேன். எனக்குக் கோபப்பட அப்போது பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் பிடித்திருந்தது.

"உங்கடை ஊர்ச் சத்தம் ஏதும் இருந்தா அனுப்பு" என்று ஒருநாள் கேட்டான். எனக்கு உடனே குஞ்சியப்பாதான் நினைவுக்கு வந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை கபோவுக்குப் போனேன். கடைகளுக்குக் கூரையாகக் கட்டிய சிவப்புப் படங்குகளின் கீழே சந்து முழுக்கச் சிவப்பு வெளிச்சம். பனிக்கட்டிக் குவியலின் நடுவில் ஒரு வாள்மீன் தலை, வாளை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் ரப்பர் ஏப்ரனும் நீலத் தொப்பியுமாகக் குஞ்சியப்பா. செதில் சீவும் கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் தராசுத் தட்டின் விளிம்பில் தட்டத் தொடங்கினார்.

"கண்ணைப் பாருங்கோ, செவுளைப் பாருங்கோ, காலமை வந்த கடலைப் பாருங்கோ! வீவி சுன்னு, வீவி சுன்னு, வீவி!"

கடைசியில் வருவது சிசிலிய மொழி. உயிரோடிருக்கிறது, உயிரோடிருக்கிறது என்று அங்கே எல்லா மீன்காரரும் கூவுவதுதான். ஆனால் அதற்கு முன்னால் தமிழைக் கோர்த்து, நடுநடுவே இத்தாலிய மொழியில் எதிர்க் கடைக்காரரின் இறால்களை நக்கலடித்து, ஒரு மூச்சில் அவர் கூவிய வேகம் வேறு யாருக்கும் வராது. அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். மன்னாரில் எங்கள் வீட்டுச் செபமாலையை நடத்தியவர் அவர். அவர் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதியை முடிப்பதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுவாராம். எங்கே மூச்சு எடுக்கிறார் என்பது பரிசுத்த ஆவிக்கு மட்டும்தான் தெரியும் என்பார் அப்பா. இரண்டு நிமிடம் படம் பிடித்து, அங்கே நின்றபடியே மச்சானுக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்று நாளில் அது பாட்டாகத் திரும்பி வந்தது. அடியில் தரையை அதிரவைக்கும் ஒரு பேஸ் ஒலி. அதன் மேல் தட்டு, அதன் மேல் குஞ்சியப்பா. "நிமிசத்துக்கு நூற்றி நாப்பது அடி, கிரைமின்ரை சரியான வேகம். நான் ஒண்டும் திருத்தேல்லை மச்சாள், மனிசன் மணிக்கூடு" என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே சாவகாசமாக இன்னொரு வரி: ஏற்றியும் விட்டேன். என்னிடம் கேட்கவில்லை. நானும் குஞ்சியப்பாவிடம் கேட்டிருக்கவில்லை என்பது அந்த நேரத்தில்தான் உறைத்தது. ஆனால் பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. உண்மையைச் சொன்னால் வெட்கத்தைவிடப் பெருமைதான் கூடுதலாக இருந்தது.

முதல் கிழமை லண்டன் பையன்கள் மட்டும் பார்த்தார்கள். இவர் யார், என்ன மொழி, அரபியா என்று கேட்டுக் கருத்து எழுதினார்கள். அப்புறம் பலெர்மோப் பையன் ஒருவன் வாள்மீனையும் சிவப்புப் படங்கையும் அடையாளம் கண்டுகொண்டான். அவ்வளவுதான். என் வகுப்பில், கிரைம் என்றால் ஆங்கிலக் கத்தல் என்று இத்தனை நாள் என்னைக் கேலி செய்தவர்களே, பெரிய இடைவேளையில் மேசையைத் தட்டிக்கொண்டு "கண்ணெப் பாருங்கோ" என்று சிசிலிய ராகத்தில் கத்தினார்கள். கபோவில் கடைக்கு முன்னால் பையன்கள் கைபேசியோடு வரிசையில் நின்றார்கள். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாள்மீன் தலைக்குத் தினமும் புதுப் பனிக்கட்டி போட்டார்.

குஞ்சியப்பாவுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் என் கைபேசியை வாங்கிப் பார்த்தார். "என்ரை குரலுக்குப் பின்னாலை ஏன் இடி இடிக்குது?" என்று கேட்டார். ஆனால் கால் மேசைக்கு அடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் தரமும் போடச் சொன்னார். மூன்றாம் தரம் பாதியில் கால் நின்றுவிட்டது.

"சிஞ்ஞோரா" என்றார்.

பெர்மெசோ முடிய ஆறு கிழமைதான் இருந்தது. அன்றே மச்சானிடம் சொல்லி நீக்கச் செய்தேன், நீக்கிவிட்டான். என்ன பயன்? அதற்குள் ஆளாளுக்கு இறக்கி, வெட்டி, தங்கள் பெயரில் ஏற்றியிருந்தார்கள். ஒன்றில் வாள்மீனுக்குக் கறுப்புக் கண்ணாடிகூடப் போட்டிருந்தார்கள். மீன் வாடையாவது எலுமிச்சைக்கு அடங்கும். இது எதற்கும் அடங்கவில்லை. அன்று நான் அழுத அழுகையைப் பார்த்து, திட்டத் தொடங்கியிருந்த அம்மாவே நிறுத்திவிட்டார். குஞ்சியப்பா திட்டவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னார்:

"முழுப் பூசணிக்காயையே சோத்துக்கை மறைக்கேலாது. நான் முழு வாள்மீனையெல்லோ மறைச்சனான். திங்கக்கிழமை நானே போய்ச் சொல்லுறன். நீயும் வாறாய். என்ரை இத்தாலியம் மீன் விக்கத்தான் காணும், மன்னிப்புக் கேக்கக் காணாது."

திங்கட்கிழமை எலுமிச்சை தேய்க்காமலே போனார். கதவைத் திறந்த சிஞ்ஞோரா எங்களை உள்ளே அழைத்துப் போய், பெரிய நாற்காலியில் அமர்ந்தார். மடியில் ஒரு டேப்லெட். மிலானோவில் படிக்கும் பேரன் முதல் நாள் அனுப்பியிருக்கிறான், பாட்டி உங்கள் ஊர் எப்படிப் பிரபலமாகிவிட்டது பாருங்கள் என்று. அவர் விரலால் ஒருமுறை தொட, குஞ்சியப்பாவின் குரல் அந்த வெல்வெட் திரைச்சீலைகளுக்கு நடுவே வெடித்துக் கிளம்பியது. கடைசிவரை ஓடவிட்டார். நான் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பு முழுவதும் மறந்துவிட்டது.

"இந்தக் கோயிலில் பூசை வைப்பது யார்? வாள்மீனா?" என்று கேட்டார் சிஞ்ஞோரா.

குஞ்சியப்பா தலைகுனிந்து நின்றார். பிறகு எனக்குக் காத்திராமல், மீன் விற்கும் இத்தாலிய மொழியிலேயே சொன்னார்: மனைவி அங்கே இருக்கிறாள், வீடு எடுக்க வேண்டும், ஒரு வேலை போதவில்லை, பொய் சொன்னேன். அவ்வளவுதான். நான் மொழிபெயர்க்க ஒன்றும் மிஞ்சவில்லை.

சிஞ்ஞோரா கோபத்தோடு டேப்லெட்டை மேசையில் வைத்தார். ஆனால் கோபம் நாங்கள் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து வரவில்லை.

"மூன்று வருஷம் கபோவில் மீனுக்குள் நின்றிருக்கிறாய். எனக்கு ஒரு சாளை மீன்கூடக் கொண்டுவரவில்லை!"

"நீங்கள்தான் வாடை கூடாது என்று..."

"வாடை கூடாது என்றேன். மீன் கூடாது என்றா சொன்னேன்?" மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொன்று. நீ புனிதன் என்று இந்தக் கட்டடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வயதில் என்னைப் பொய்க்காரி ஆக்கப் போகிறாயா? நாளையிலிருந்து நீ உண்மையாகவே பூசைக்குப் போகிறாய். ஆறரை மணிப் பூசை. முன் வரிசை. பாதிரியாரிடம் நான் கேட்பேன்."

அதன் பிறகுதான் பேனாவைக் கேட்டார். நாங்கள் கொண்டு போயிருந்த ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு மூடியைத் திருகிவிட்டு, "இப்போது அதைக் கூவிக் காட்டு, நேரில் கேட்க வேண்டும்" என்றார். குஞ்சியப்பா சுற்றிலும் பார்த்தார். தட்டுவதற்கு அகப்பட்டது வெள்ளித் தேநீர்த் தாம்பாளம்தான். மேல் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்வரை கூவினார்.

அன்றிலிருந்து குஞ்சியப்பா விடியக்காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஆறரைக்கு முன் வரிசையில் உட்கார்ந்து, பூசை முடிந்ததும் கபோவுக்கு ஓடினார். செபமாலையில் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நான்கு இத்தாலியக் கிழவிகள் பின்வரிசைக்கு மாறிவிட்டார்கள் என்று கேள்வி. வெள்ளிக்கிழமைகளில் சிஞ்ஞோரா வீட்டுக்குச் சாளை போயிற்று. பெர்மெசோ வந்தது. மனுவும் ஏற்கப்பட்டது.

அடுத்த வசந்தத்தில் குஞ்சியம்மா வந்தார். விமான நிலையத்துக்கு எல்லோரும் போனோம். குஞ்சியப்பா புதுச் சட்டையில், பழக்கதோஷத்தில் எலுமிச்சை மணக்க நின்றார். கண்ணாடிக் கதவு திறந்து, ஒரு நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு குஞ்சியம்மா வெளியே வந்ததும் அவருக்கு வாய் அடைத்துவிட்டது. ஒரு சந்தையையே அதிர வைத்த மனிதர், இரண்டடி தூரத்தில் நின்று, வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நாலு வருடத்துக்குச் சேர்த்து வைத்தது ஒன்றும் வெளியே வரவில்லை.

குஞ்சியம்மா பெட்டியை நிறுத்தினார். பெட்டியின் கைப்பிடியில் மோதிரத்தால் டக் டக்கென்று தட்டினார். பாட்டு மன்னாருக்கும் போயிருந்தது. அங்கேயும் எல்லோர் போனிலும் இருந்ததாம்.

"கண்ணைப் பாருங்கோ, செவுளைப் பாருங்கோ" என்றார் மெதுவாக. "நாலு வருசம். இன்னும் பழுதாகேல்லை."

குஞ்சியப்பா சிரிக்கப் போய் அழுதுவிட்டார். "வீவி" என்றார், எங்களுக்கே கேட்காத குரலில். "வீவி சுன்னு."

மச்சான் இப்போது லண்டனில் ஒரு அலுவலகத்தில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வேலை செய்கிறான். சிஞ்ஞோரா காலமாகிவிட்டார், அவருடைய அடக்கப் பூசையில் செபமாலையை நடத்தியது குஞ்சியப்பா, வாழ்க்கையில் ஒரே ஒருமுறை மெதுவாக. கபோக் கடையில் மின்தராசு வந்தபோது முதலாளி பழைய தட்டை எறியப் போனார். நான் கேட்டு வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குஞ்சியப்பாவும் குஞ்சியம்மாவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். சோறு வெந்ததும் குஞ்சியம்மா அகப்பைக் காம்பால் அந்தத் தட்டில் தட்டுவார், அதே வேகம், ஒரு அடி பிசகாது. ஊரெல்லாம் கூவி அழைத்த குஞ்சியப்பா எதிர்ப்பேச்சில்லாமல் முதல் ஆளாக வந்து உட்காருவார்.