ஆள் பிடிக்கப் போனவள்

எனக்குக் காலில் சக்கரம் என்று அம்மா திட்டிக்கொண்டே இருப்பாள். அம்பதுகளின் கடைசியில், பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான சீனியர் முடிந்திருந்த அந்த மாதங்களில், அவள் சொன்னதில் தப்பே இல்லை. சிராங்கூன் ரோட்டில் எங்கள் மளிகைக்கடை, அதற்கு மேலே வீடு. மாடிக்கும் கடைக்குமாக நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருப்பேன். டோபி காட் பக்கம் மிஷன்காரர்கள் நடத்திய சின்ன காலேஜில் டீச்சர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வகுப்பு தொடங்குமா என்பதுதான் தெரியவில்லை. தொடங்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை கடல் தாண்டி எங்கள் சொந்த ஊரில் தயாராக இருந்தார். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. அதற்குள்ளேயே அவர்மேல் அப்படி ஒரு எரிச்சல்.

காலேஜுக்குத் தலைவி ஒரு வெள்ளைக்காரம்மா. பெரிய மிஸ் என்போம். பெயர் கொடுத்திருந்த எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆள் பத்தவில்லை, இப்படியே இருந்தால் மேலிடம் வகுப்பைத் திறக்க விடாது என்றார். எங்களில் பெரும்பாலோர் அவருடைய சர்ச்சுக்கே போகிற சீனப் பெண்கள். ஒரே சர்ச்சுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊரில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் எப்படிப் பாடம் சொல்வது, உங்கள் தெருவில் இருப்பவர்களைக் கூட்டிவாருங்கள், எந்த மதமானாலும் சரி, காலை ஜெபத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றார். சொல்வதற்கென்ன, வாயா வலிக்கிறது? எங்கள் தெருவில் பெண்ணைக் காலேஜுக்கு அனுப்ப யார் காத்துக்கொண்டிருந்தார்கள்?

என்னோடு படித்தவர்களில் படிப்பில் ஆசை உள்ளவள் ஒருத்தி இருந்தாள். பக்கத்துத் தெருவில் துணிக்கடை வைத்திருந்த பாயின் மகள். அவளிடம் போய்ச் சொன்னதும், "வாப்பா விடமாட்டாங்க லா, நீ வேற," என்றாள்.

"கேட்டுப் பார்த்தியா?"

"இல்ல."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கேட்கவே இல்லையாம், விடமாட்டார்களாம். நேரே துணிக்கடைக்குப் போய் நானே கேட்டுவிட்டேன்.

பாய் துணியை மடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மறுநாளே காலேஜைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன். பெரிய மிஸ் வகுப்பறையையும் புத்தக அறையையும் காட்டப் பார்க்க, இவர் நேராகச் சமையல்கட்டுக்குள் நுழைந்து சட்டிகளை எட்டிப் பார்த்தார். பன்றிக்கறி சமைக்கிற இடம். "சோறு வீட்ல இருந்து வரும்னு சொல்லும்மா," என்றார். சொன்னேன். பிறகு ஜெபக்கூடத்தின் வாசலில் கொஞ்ச நேரம் நின்று உள்ளே பார்த்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். "உன்னை நம்பித்தான்மா விடுறேன். போகவும் உன்னோட, வரவும் உன்னோட," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்றவர்களும் ஆளுக்கொருத்தியைக் கூட்டிவந்திருந்ததால் வகுப்பு உறுதியாகிவிட்டது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சாமான் வாங்க வந்த யாரோ ஒரு புண்ணியவான், "உங்க மக சர்ச்சுக்கு ஆள் பிடிக்குதாமே, பாய் வீட்டையும் விடலியாமே," என்று அப்பாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டான். அப்பா மாடியேறி வந்தார்.

"நீ படிக்கப் போறியா, ஆள் பிடிக்கப் போறியா?"

விளக்கிச் சொன்னேன், கத்தினேன், அழுதேன். "படிச்சது போதும்," என்று கீழே இறங்கிப் போய்விட்டார். அம்மா பாட்டுக்கு அடுப்படியில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம் அதிகம்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. நான் மாடி ஜன்னலில் நின்றேன். எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப்பில் பாயின் மகள் சோற்று டப்பாவோடு நின்றிருந்தாள். ஒரு பஸ் போனது. அடுத்ததும் போனது. அவள் ஏறவில்லை, எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது? நான் உள்ளே நகர்ந்துகொண்டேன். செவ்வாய்க்கிழமையும் அதே கதைதான்.

அன்று சாயங்காலம் பாய் எங்கள் கடைக்கு வந்தார். கடை நிறைய ஆட்கள். குரலைக் கேட்டதுமே நான் படிக்கட்டில் பாதி இறங்கி, திரைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"வாங்க பாய்," என்றார் அப்பா.

"அண்ணே, எம்மக ரெண்டு நாளா பஸ் ஸ்டாப்புல நின்னுட்டுத் திரும்பி வருது. தனியாப் போகமாட்டேங்குது. நானும் தனியா அனுப்பமாட்டேன். உங்க வீட்டுப் பொண்ணு வந்து கேட்டுச்சேன்னுதான் சரின்னேன். நீங்க நிறுத்திட்டீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நானும் நிறுத்திடுறேன்."

திரை இடுக்கில் எட்டிப் பார்த்தேன். அப்பா தராசுத் தட்டில் இருந்த பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் போச்சு, என்னோடு சேர்த்து அவள் படிப்பையும் கெடுத்தேன் என்று நினைத்தேன்.

"நிறுத்துறதா? யார் சொன்னா?" என்றார் அப்பா. "அதுக்குக் காய்ச்சல் பாய்."

"அப்படியா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"கஷாயம் குடுத்திருக்கு. நாளைக்கு வந்துடும்."

"அப்ப நாளைக்கு நிக்கச் சொல்றேன்," என்று பாய் கிளம்பிப் போனார்.

கடை சாத்தியபின் அப்பா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டி இரண்டு படி ஏறியவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"காய்ச்சல் விட்டுருச்சா?"

"விட்டுருச்சுப்பா," என்றேன்.