வெள்ளை ஒரு சாக்கு, நீலம் ஒரு கை

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அகல நீல பனியன் துணி ஒன்று கிடக்கிறது. தூக்கி எறியச் சொல்லாதவர் வீட்டில் இல்லை. எறிவேனா! தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு நாள் பெய்த மழை அது.

அப்போது வீரபாண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் ஓவிய ஆசிரியர்; பக்கத்து நாற்காலி அறிவியல் டீச்சருடையது. மழை முன்னைப்போல் இல்லை என்று ஊரே புலம்பிக்கொண்டிருக்க, அதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே கண்ணால் பார்க்கட்டும் என்று துள்ளியவர் அவர்தான். பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் வேஸ்ட் துணி எல்லார் வீட்டிலும் கிடக்கும். மழை பெய்த நாளுக்கு நீலம், பெய்யாத நாளுக்கு வெள்ளை. தினம் ஒரு துண்டைத் தைத்து நீட்டிக்கொண்டே போக வேண்டும். நீலம் தைக்கிறவர் அன்றைய மழையில் நடந்ததைக் கதையாகச் சொல்ல வேண்டும். நீலத்துக்காகப் பிள்ளைகளுக்குள் அடிதடியே நடக்கும். வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கு வருவார்கள். அந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்துவிட்டது.

தலைமையாசிரியருக்கு மட்டும் கடுப்பு. பாடத்தை விட்டுவிட்டுக் கந்தல் தைக்கிறீர்களா என்று கேட்டார். ஆண்டு விழாக் கண்காட்சியில் இது எடுபட்டால் தொடரலாம், இல்லாவிட்டால் அன்றோடு சரி என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

விழாவன்று காலை, அந்தத் துணியைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்த மூட்டையைக் காணோம். முந்தின நாள் வகுப்பைச் சுத்தம் செய்த வாட்ச்மேன், வேஸ்ட் துணிதானே என்று வேஸ்ட் வியாபாரி பாயின் வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார். எங்கள் ஊரில் வேறெப்படி நினைப்பார், பாவம்! டீச்சர் மொபெட்டில் பறக்க, நான் சைக்கிளில் மூச்சிரைக்கப் பின்னால் போனேன். குடோனில் தரம் பிரிக்கும் அக்கா கடைசித் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளையும் கலரும் கலந்திருந்தா மில்லுல எடுக்க மாட்டாங்க. அதான் பிரிச்சுட்டனுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வருட உழைப்பு! டீச்சரோ அசையாமல் நின்று பார்த்தார். வெள்ளை ஒரு சாக்கு நிறைய இருந்தது. நீலத்தை ஒரு கையால் அள்ளிவிடலாம். தைத்து நீட்டியபோது இந்த வித்தியாசம் எங்கள் கண்ணில் படவே இல்லை.

"சார், இந்த அக்கா நமக்கு மேல வேலை செஞ்சிருக்காங்க. இப்படியே எடுத்துட்டுப் போலாமுங்க" என்றார் டீச்சர். பாய் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

வகுப்பின் நடுவே சாக்கை நிறுத்தி, முன்னால் ஒரு தட்டில் நீலத்தை வைத்தோம். பிள்ளைகள் தாங்கள் தைத்த துண்டைத் தேடி எடுத்து, அந்த மழையின் கதையைச் சொல்லிவிட்டுத் திரும்பத் தட்டில் வைத்தார்கள். கதைகள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. தலைமையாசிரியர் தட்டைக் கையில் எடுத்தார்.

"வருசம் பூராவும் இவ்வளவுதானுங்களா டீச்சர்?"

டீச்சர் தலையாட்டினார். தட்டைக் கீழே வைக்கத் தலைமையாசிரியருக்கு மனமே வரவில்லை. அடுத்த ஆண்டின் முதல் நீலத்தைத் தைத்தது அவர்தான். அன்று தட்டிலிருந்த ஒரு துண்டு என்னிடமே தங்கிவிட்டது.

டீச்சர் இப்போது ஓய்வுபெற்று உடுமலைப்பேட்டையில் இருக்கிறார். இன்று காலை போன் வந்தது. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"சார், இங்க நீலமுங்க. அங்க?"

துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.